ஸ்டம்புக்குப் பின்னால் – 12: ஒரே இடம், இரண்டு கீப்பர்கள்

1964 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியம். இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட். கீப்பராக ஆட வேண்டியவர் பம்பாயின் ஃபரூக் என்ஜினியர். உடம்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் அவர் விலகிக்கொள்ள, அவசரமாக உள்ளே வந்தவர் புதி குந்தரன். சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

ஆட்டம் முடிந்து சாயங்காலம் ரேடியோவில் ஸ்கோர் சொன்னபோது குந்தரனின் பெயருக்கு எதிரே 170 ரன் இருந்தது. அவுட்டும் ஆகவில்லை. மறுநாள் 192இல் ஆட்டம் இழந்தார். எட்டு ரன்னில் இரட்டைச் சதம் கை நழுவியது. அடுத்த 49 ஆண்டுகளுக்கு வேறெந்த இந்தியக் கீப்பராலும் அந்த 192ஐத் தாண்ட முடியவில்லை. 2013இல் தோனி 224 அடித்துத் தாண்டினார். அதுவும் சென்னையில்தான், சேப்பாக்கத்தில்.

யார் இந்தக் குந்தரன்? மங்களூர்ப் பக்கம் முல்கியில் பிறந்து பம்பாயில் வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. 1960 ஜனவரி 1 அன்று பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவருக்கு முதல் டெஸ்ட். அதுவரை ஒரு ரஞ்சி ஆட்டம்கூட ஆடியதில்லை. வீட்டில் இடம் போதாமல், டெஸ்டுக்கு முந்தைய இரவு பூங்காவில் படுத்துத் தூங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சொந்தமாகக் கையுறை கிடையாது. இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார். இரவல் கொடுத்தவர் நரேன் தம்ஹானே. குந்தரனுக்காக அணியிலிருந்து இறக்கப்பட்ட அதே கீப்பர்!

இதை எழுதும்போது எனக்குக் கை சற்று நின்றது. ஒரு கீப்பரின் கையுறை அவருடைய கை மாதிரி. உள்ளங்கையில் புள்ளி புள்ளியாக ரப்பர், புறங்கையில் தோல், உள்ளே மெல்லிய தோலில் இன்னொரு உறை. மாதக்கணக்கில் பந்து பட்டுப் பட்டு அவர் விரல் மடங்கும் இடத்தில்தான் அதுவும் மடங்கும். நம் கணியம்பாடி, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறி வந்த தோல், போட்டுக்கொள்கிறவனின் உடம்புக்கு எப்படி இணங்கிப் போகும் என்பது டேனரியில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கும் தெரியும். தன் இடத்தை எடுத்துக்கொண்டவனுக்கு அப்படிப்பட்ட ஒன்றைக் கழற்றிக் கொடுத்த தம்ஹானேயைப் பெரிய மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த இரவல் கையுறைக்காரர் இரண்டாவது டெஸ்டை ஆடியதும் சென்னையில்தான். தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 71 ரன் அடித்தார். இந்தியாவின் மொத்தமே 149. ரிச்சி பெனோ மற்றவர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இந்தப் பையன் ஒருவன்தான் திருப்பி அடித்தான். பிறகு ரயில்வே அணிக்காகத் தன் முதல் ரஞ்சி ஆட்டத்திலும் இரட்டைச் சதம் எடுத்தான்.

மறுபடி 1964க்கு வருவோம். 192 அடித்த களைப்பு தீரும் முன்பே குந்தரன் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் குந்த வேண்டியிருந்தது. கிரிக்கெட் பிரியர்கள் மறக்காத பாபு நட்கர்னியின் பந்துவீச்சு அந்த ஆட்டத்தில்தான். 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். இடையில் தொடர்ந்து 21 ஓவர் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

அந்த 21 ஓவரும் நட்கர்னியின் பெயரில்தான் நிற்கிறது. நிற்கட்டும், அவர் போட்ட பந்துதான். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் கீழே குந்தி, பந்து எழும்போது கூடவே எழுந்து, மட்டைக்காரர் தொடாமல் விட்டதையெல்லாம் பிடித்துத் திருப்பிக் கொடுத்தது குந்தரன். கீப்பர் ஒரு பந்தைத் தவறவிட்டு அது பின்னால் ஓடினால் பை என்று ரன் ஏறும். விட்டால் கணக்கில் வரும், பிடித்தால் எதிலும் வராது. பேஸ்பாலில் கேட்சருக்கும் இதே கதிதான். ஆனால் அவர் முகத்துக்குக் கம்பிக் கூண்டாவது உண்டு. அந்தக் காலத்து விக்கெட் கீப்பருக்கு அதுவும் கிடையாது.

அந்தத் தொடரில் குந்தரன் மொத்தம் 525 ரன் எடுத்தார். ஒரு டெஸ்ட் தொடரில் 500 ரன்னைத் தாண்டிய முதல் விக்கெட் கீப்பர், உலகத்திலேயே, அவர்தான். டெல்லியில் இன்னொரு சதமும் அடித்தார். இனி இந்தியாவுக்குக் கீப்பர் பிரச்சினையே இல்லை என்றுதானே நினைப்பீர்கள்?

அதே 1964, அக்டோபர். அதே கார்ப்பரேஷன் ஸ்டேடியம். ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் இந்திரஜித்சின்ஜி!

*

192 அடித்த மைதானத்திலேயே, ஒன்பது மாதத்துக்குள், வேறொருவர் கையுறையோடு நிற்கிறார். தேர்வுக் குழுவுக்கு அதற்கென்று காரணங்கள் இருந்திருக்கலாம். குந்தரன் மட்டைக்காரர்தான், கையுறை வேலையில் சுத்தம் போதாது என்ற பேச்சு அப்போது உண்டு. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் அந்தக் காரணத்தையும் நம்ப முடியவில்லை. 1965இல் நியூசிலாந்துக்கு எதிராக என்ஜினியர் வந்தார். 1966 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது முதல் இரண்டு டெஸ்டில் மறுபடி குந்தரன். மூன்றாவது டெஸ்டுக்கு மறுபடி என்ஜினியர். இப்படி ஆளை மாற்றி மாற்றிப் போட்டால் யாருக்குத்தான் கை பழகும்? இரண்டு நல்ல கீப்பர்களை ஒரே சமயத்தில் பெற்ற நாடு, இருவரையும் நிம்மதியாக ஆட விடவில்லை என்பதே என் கருத்து.

அந்த மூன்றாவது டெஸ்டும் சென்னையில்தான்! 1967 ஜனவரி 13, பொங்கலை ஒட்டி. கார்ப்பரேஷன் ஸ்டேடியத்திலிருந்து டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியிருந்தது. எதிரே வெஸ் ஹால், சார்லி கிரிஃபித், கேரி சோபர்ஸ், லான்ஸ் கிப்ஸ். அன்றைக்கு உலகத்தில் அதைவிட பயங்கரமான பந்துவீச்சு கிடையாது. ஃபரூக் என்ஜினியர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார்.

ஹாலின் பந்துக்குப் பின்வாங்காமல் அடித்தார். எகிறி வந்த பந்துகளைக் கொக்கி போட்டு எல்லைக்கு விரட்டினார். உணவு இடைவேளைக்கு எல்லோரும் கிளம்பியபோது அவருடைய ஸ்கோர் 94. முதல் நாள் உணவுக்கு முன்பே சதம் என்ற சாதனைக்கு ஆறே ரன் குறைவு. இடைவேளைக்குப் பிறகு சதத்தை முடித்து 109இல் அவுட் ஆனார்.

குந்தரனுக்கு 192 தந்த ஊர், என்ஜினியருக்கு 109 தந்தது. முன்னவருக்குக் கதவு திறந்தது பின்னவர் விலகியதால். பின்னவருக்குத் திறந்தது முன்னவரை விலக்கியதால். அந்தச் சேப்பாக்கம் காலைக்குப் பிறகு குந்தரனுக்கு மிஞ்சியது ஆறே மாதம்.

*

1967 ஜூலை, பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் மைதானம். நம்மவர்கள் இங்கிலாந்தில் ஏற்கெனவே இரண்டு டெஸ்ட் தோற்றிருந்தார்கள். அணியில் பாதிப் பேர் காயத்தோடு இருந்தார்கள். வேகப்பந்து போட ஆள் இல்லை. சந்திரசேகர், பேடி, பிரசன்னா, நம் சென்னை வெங்கட்ராகவன் என்று நான்கு சுழற்பந்து வீச்சாளர்களும் ஒரே அணியில் இறங்கினார்கள். அந்த நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான்.

புதுப் பந்தை யாராவது போட்டுத் தேய்த்துக் கொடுக்க வேண்டுமே? கேப்டன் பட்டோடி, மட்டைக்காரராக மட்டும் அணிக்குள் வந்திருந்த குந்தரனிடம் பந்தைக் கொடுத்தார். நீ என்ன மாதிரி போடுவாய் என்று பட்டோடி கேட்டதாகவும், போட்டால்தான் தெரியும் என்கிற பாணியில் குந்தரன் பதில் சொன்னதாகவும் கதை. நான்கு ஓவர் போட்டார். அவர் ஓடி வந்து போட்ட பந்துகளை ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பிடித்தவர் ஃபரூக் என்ஜினியர்.

அதுவே குந்தரனின் கடைசி டெஸ்ட். 18 டெஸ்டில் 981 ரன், சராசரி 32.70. அப்போது வயது 27. அவருடைய சராசரி என்ஜினியருடையதைவிடச் சற்று அதிகம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அந்த டெஸ்ட் முடிந்தபோது ஒருவர் வாழ்க்கை முடிந்துவிட்டது போலவும், மற்றவர் வாழ்க்கை இப்போதுதான் தொடங்குவது போலவும் தெரிந்தது. ஆனால் இரண்டு பேருக்குமே ரயில் ஒரே திசையில்தான் கிளம்பவிருந்தது.

*

இந்தியாவில் கிரிக்கெட் ஆடிச் சோறு சாப்பிட முடியாத காலம் அது. ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இங்கிலாந்தில் அப்படியில்லை. அங்கே இரண்டு வகை ஆட்டம் இருந்தது. ஒன்று கவுண்ட்டி. மாவட்ட அணிகள், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாரம் முழுக்க ஆட்டம், சம்பளம். மற்றொன்று லீக். ஆலை ஊர்களிலும் சுரங்க ஊர்களிலும் சனிக்கிழமை ஆட்டம். கிளப்புக்கு ஒரே ஒரு சம்பளக்காரர், மற்ற பத்துப் பேரும் உள்ளூர்க்காரர்கள். லாலா அமர்நாத் முதல் பல இந்தியர்கள் லீக்கில் ஆடியிருக்கிறார்கள்.

1968இல் கவுண்ட்டி விதி மாறியது. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரை, அங்கே பல காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றானது. லங்காஷயர் என்ஜினியரை அழைத்தது.

பஞ்சாலைகளின் மாவட்டம் லங்காஷயர். அதன் தலைநகர் மாதிரி மான்செஸ்டர். மைதானம் ஓல்ட் டிராஃபோர்டு. 1950இல் சர்ரேயுடன் பங்குபோட்டுக் கோப்பை வாங்கியதற்குப் பிறகு அந்த அணி எதையும் வென்றதில்லை. என்ஜினியர் வந்த 1968இல் ஜாக் பாண்ட் என்ற அமைதியான மனிதர் கேப்டனானார். கயானாவிலிருந்து கிளைவ் லாய்டும் வந்து சேர்ந்தார்.

அப்புறம் நடந்தது லங்காஷயர்க்காரர்கள் இன்றைக்கும் பேசுவது. 1969இல் ஞாயிற்றுக்கிழமை லீக் முதன்முதலாகத் தொடங்கியது. லங்காஷயர் வென்றது. 1970இலும் வென்றது. 60 ஓவர் ஆட்டமான ஜில்லெட் கோப்பையை 1970, 71, 72 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு எடுத்தது, 1975இல் மறுபடியும். காலியாகக் கிடந்த மைதானத்தில் உட்கார இடம் இல்லாமல் போயிற்று.

1968 முதல் 1976 வரை லங்காஷயருக்காக என்ஜினியர் 175 முதல்தர ஆட்டங்கள் ஆடினார். 429 கேட்ச், 35 ஸ்டம்பிங். அந்த விகிதத்தைக் கொஞ்சம் பாருங்கள். நம் நாட்டில் சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டிக் குந்திப் பழகியவர், அங்கே பீட்டர் லீவர், கென் ஷட்டில்வொர்த்தின் வேகத்துக்குப் பதினைந்து கெஜம் பின்னால் நின்று, மட்டையின் விளிம்பில் பட்டு வருவதைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். ஏப்ரல் குளிரில் விரல் மரத்துப்போகும். மழையில் கையுறை நனையும். நனைந்த தோலை அவசரத்துக்கு அடுப்புப் பக்கம் வைத்தால் விறைத்துப்போகும், பிறகு விரல் மடங்காது. நிழலில், காற்றில்தான் ஆற விட வேண்டும். இது நம் ஊர்த் தோல் வேலைக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். மான்செஸ்டர் மழையில் ஒவ்வொரு கீப்பரும் அதைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

குந்தரன் போனது இன்னும் வடக்கே, ஸ்காட்லாந்துக்கு. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கோட்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். இரும்பு உருக்காலைகளால் வளர்ந்தது. அங்கே டிரம்பெல்லியர் என்ற கிளப். சென்னையில் பெருங்கூட்டத்தின் நடுவே 192 அடித்தவர், அங்கே சனிக்கிழமை மத்தியானங்களில் உள்ளூர்க்காரர்களோடு ஆடினார். வருடக்கணக்கில், தலைமுறை மாறும் வரை ஆடினார். அவர் கதையில் நாற்பது வயதுக்குப் பிறகு நடந்த ஒரு திருப்பம் இருக்கிறது. ஒரு தேசத்தின் சட்டையைக் கழற்றியவருக்கு இன்னொரு தேசம் சட்டை கொடுத்த கதை. அதற்கு ஒரு தனி வாரம் வேண்டும், ஒதுக்குகிறேன்.

*

இப்போது 1971.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வாடேகர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்திய அணியில் என்ஜினியர் இல்லை. உள்நாட்டுப் போட்டிகளில் ஆடாதவருக்கு இடமில்லை என்றார்கள். ஹைதராபாத் கிருஷ்ணமூர்த்தி கீப்பராகப் போனார், இந்தியா தொடரை வென்றது. கோடையில் அதே அணி இங்கிலாந்து வந்தபோது, மூன்று டெஸ்டுக்கு மட்டும் என்ஜினியரைக் கூப்பிட்டார்கள். மற்ற நாட்களில் அவர் லங்காஷயர்க்காரர்.

இதனால் அவருக்கு வாய்த்த இரண்டு நாட்களைக் கேளுங்கள்.

ஜூலை 27, லார்ட்ஸ். முதல் டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு வெற்றிக்கு 183 ரன் வேண்டும். கவாஸ்கரும் என்ஜினியரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்ஜினியர் அவசரமாக ஒரு ரன்னுக்குக் கூப்பிட, ஓடி வந்த கவாஸ்கரை வேகப்பந்து வீச்சாளர் ஜான் ஸ்னோ தோளால் இடித்துக் கீழே தள்ளினார். மட்டை ஒரு பக்கம், கவாஸ்கர் ஒரு பக்கம். இங்கிலாந்து வாரியமே கோபப்பட்டு ஸ்னோவை அடுத்த டெஸ்டிலிருந்து நீக்கியது. என்ஜினியர் 35 எடுத்தார். 145க்கு 8 விக்கெட் என்றிருந்தபோது மழை வந்து ஆட்டம் டிராவில் முடிந்தது.

மறுநாள், ஜூலை 28. சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே ஓல்ட் டிராஃபோர்டு. ஜில்லெட் கோப்பை அரையிறுதி. என்ஜினியர் லங்காஷயர் தொப்பியோடு ஸ்டம்புக்குப் பின்னால்!

குளோஸ்டர்ஷயர் 60 ஓவர் ஆடி 229 ரன் எடுத்தது. முந்தின நாள் லண்டனில் இருந்தவர் அந்த 60 ஓவரும் குந்தி எழுந்தார். நடுவில் ஒரு மணி நேரத்தை மழை தின்றது. லங்காஷயர் துரத்தத் தொடங்கி, நல்ல நிலையிலிருந்து சரிந்தது. என்ஜினியர் எடுத்தது இரண்டே ரன். மார்ட்டிமோரின் சுழலுக்குப் பின்னால் நகர்ந்து, தன் ஸ்டம்பைத் தானே தட்டிவிட்டார்.

ஏழு விக்கெட் போய்விட்டது. ஐந்து ஓவரில் 25 ரன் வேண்டும். மணி எட்டே முக்காலை நெருங்கியது. பக்கத்து ரயில் நிலையத்தில் விளக்கு எரிகிறது. மைதானத்தில் விளக்கு கிடையாது. வெளிச்சம் போதவில்லை என்று கேப்டன் பாண்ட் நடுவரிடம் சொல்ல, நடுவர் ஆர்தர் ஜெப்சன் வானத்து நிலாவைக் காட்டி, அது தெரிகிறதல்லவா, அதற்கு மேல் எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். இருட்டில் டேவிட் ஹியூஸ் என்ற இளைஞர் மார்ட்டிமோரின் ஒரே ஓவரில் 24 ரன் அடித்தார். ஸ்கோர் சமம். அடுத்து வந்த மைக் புராக்டரின் வேகப்பந்தில் பாண்ட் ஒரு ரன்னைத் தட்டி எடுத்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஆட்டத்தை முழுக்கக் காட்டுவதற்காக பிபிசி தன் ஒன்பது மணிச் செய்தியைத் தள்ளிப்போட்டது.

லங்காஷயர் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. செப்டம்பர் 4, லார்ட்ஸ். எதிரணி கென்ட்.

அதற்கு முன்பாக என்ஜினியருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஆகஸ்ட் 19, ஓவல், மூன்றாவது டெஸ்ட். இங்கிலாந்து 355. இந்தியா 284, அதில் என்ஜினியர் 59. பிறகு சந்திரசேகர் போட்ட பந்துகளை இன்றைக்கும் விவரிக்க முடியாது. ஸ்டம்பை ஒட்டி நின்று அவற்றைப் பிடித்த என்ஜினியரின் வேலையை யாரும் விவரிக்கவே இல்லை. நம் வெங்கட்ராகவனின் பந்தில் சோல்கர் தரையோடு பாய்ந்து ஆலன் நாட்டைப் பிடித்தார். இங்கிலாந்து 101க்குச் சுருண்டது. சந்திரசேகருக்கு 38 ரன்னுக்கு ஆறு விக்கெட்.

இங்கிலாந்து மண்ணில் இந்தியா அதுவரை ஒரு டெஸ்ட்கூட வென்றதில்லை. இப்போது வேண்டியது 173.

ஆகஸ்ட் 24, செவ்வாய்க்கிழமை. செஸ்ஸிங்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து பெல்லா என்ற யானையை இந்திய ரசிகர்கள் ஓவலுக்கே அழைத்து வந்திருந்தார்கள். காலையில் முதல் வேலையாக வாடேகர் ரன் அவுட். சர்தேசாய் 40இல் போனார். சோல்கர் ஒரு ரன்னில் போனார். 134க்கு 5 விக்கெட். இன்னும் 39 ரன். ஒரு முனையில் விஸ்வநாத். பந்து டெரெக் அண்டர்வுட்டின் கையில். ஈரம் காயாத ஆடுகளத்தில் உலகமே பயந்த இடதுகைக்காரர், கென்ட் அணிக்காரர். பதினொரு நாள் கழித்து லார்ட்ஸிலும் லங்காஷயருக்கு எதிரே நிற்கப்போகிறவர்.

பெவிலியன் படியில் மட்டையோடு இறங்கி வந்தார் ஃபரூக் என்ஜினியர். அண்டர்வுட்டின் பந்துகளை அவர் என்ன செய்தார், அந்த 39 ரன் வந்ததா, செப்டம்பர் 4 அன்று லார்ட்ஸில் கோப்பை யார் கைக்குப் போனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)